சிற்றூரில் வீடு வாங்கும் முன் ஒரு வரைபடம்: போலீஸ்.யுகே குற்றத் தகவல் சேவை பற்றிய மதிப்புரை

லண்டன் புறநகர் ஒன்றில் 11 ஆண்டுகள் வாடகைக்கு இருந்த பிறகு, தென் இங்கிலாந்தில் ஏறத்தாழ 600 பேர் வாழும் ஒரு சிற்றூரில் வீடு வாங்க நானும் என் கணவரும் முடிவு செய்தோம். ஊரில் ஒரு தேவாலயம், ஒரு மதுக்கூடம், ஒரு தொடக்கப்பள்ளி ஆகியவை இருக்கின்றன. கடை இல்லை, தெருவிளக்கும் பெரும்பாலும் இல்லை. செய்தியைச் சொன்னதும் அம்மா தொலைபேசியில் கேட்ட முதல் கேள்வி, "அவ்வளவு ஒதுக்குப்புறத்துல ராத்திரி ஏதாவது ஒண்ணுன்னா யாரைக் கூப்பிடுவே?" என்பதுதான். அந்தக் கேள்விக்கு மனசாட்சியோடு பதில் சொல்வதற்காகத்தான் போலீஸ்.யுகே என்ற இணையச் சேவையை முதன்முதலாகத் திறந்தேன். இப்போது மூன்றாண்டுகளாக மாதந்தோறும் அதைப் பார்த்து வருகிறேன். இங்கிலாந்தின் சிறிய ஊர்களுக்குக் குடிபெயர நினைக்கும் தமிழ்க் குடும்பங்கள் பெருகி வருவதால், இந்தச் சேவை எதைச் சொல்கிறது, எதைச் சொல்வதில்லை என்பதைச் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

தெருவாரியாகக் குற்றங்களைக் காட்டும் இந்த வரைபடத்தைப் பிரிட்டன் அரசின் உள்துறை 2011 பிப்ரவரி தொடக்கத்தில் பொதுமக்களுக்குத் திறந்தது. தெரசா மே உள்துறைச் செயலராக இருந்த காலம் அது. முதல் நாளிலேயே இலட்சக்கணக்கானோர் ஒரே நேரத்தில் தத்தம் தெருவைத் தேட முயன்றதால் தளம் திணறி நின்றது. தன் வாசலில் என்ன நடக்கிறது என்பதை அறிய மக்களுக்கு எவ்வளவு ஆவல் இருந்தது என்பதற்கு அதைவிடச் சான்று வேண்டியதில்லை. இங்கிலாந்து, வேல்ஸ் இரண்டிலும் உள்ள 43 வட்டாரக் காவல்படைகள், வட அயர்லாந்துக் காவல்துறை, ரயில்வே காவல்துறை ஆகியவை தரும் பதிவுகள் இதில் சேர்கின்றன. ஸ்காட்லாந்தின் காவல்துறை இதில் இல்லை. சேவைக்குக் கட்டணம் இல்லை, கணக்குத் தொடங்க வேண்டியதும் இல்லை. போஸ்ட்கோடை இட்டால் அப்பகுதிக்குப் பொறுப்பான காவல் அணியின் பக்கமும், மாதவாரியான குற்ற வரைபடமும் வந்து நிற்கின்றன.

நாங்கள் வாங்க நினைத்த வீட்டின் போஸ்ட்கோடை முதலில் இட்டபோது திரையில் வந்த எண்ணிக்கையைக் கண்டு நாங்கள் இருவரும் பேச்சற்றுப் போனோம். அமைதியான ஊர் என்று நம்பி வந்த இடத்தில் ஒரே மாதத்தில் இத்தனை நிகழ்வுகளா என்று தோன்றியது. அரைமணி நேரம் கழித்துத்தான், அந்த எண்ணிக்கை எங்கள் ஊருக்குரியது அன்று என்பது புரிந்தது. காவல்துறை வகுத்திருக்கும் 'அண்டைப்பகுதி' என்பது நகரத்தில் சில தெருக்களாக இருக்கலாம். நாட்டுப்புறத்தில் அதே சொல் பத்துப் பதினைந்து சிற்றூர்களையும் நடுவே ஒரு சந்தை நகரத்தையும் சேர்த்துக் குறிக்கிறது. பட்டியலில் பெரும்பகுதி அந்த நகரத்தின் சூப்பர்மார்க்கெட்டில் நடந்த கடைத்திருட்டும், வெள்ளிக்கிழமை இரவுகளில் அதன் கடைவீதியில் நடந்த தகராறுகளும்தாம். வரைபடத்தைப் பெரிதாக்கி எங்கள் ஊரின் நான்கு சாலைகளுக்குள் வந்தபோது அந்த மாதத்தில் இரண்டே புள்ளிகள் எஞ்சின. போஸ்ட்கோடை இட்டதும் கண்ணில் படும் முதல் எண்ணைக் கொண்டு எந்த முடிவுக்கும் வந்துவிடாதீர்கள் என்பதே சிற்றூர்க்காரர்களுக்கு நான் முதலில் சொல்ல விரும்புவது.

இனி அந்தப் புள்ளிகளைப் பற்றி. இந்தச் சேவையின் சிறப்பும் சிக்கலும் இவற்றில்தான் இருக்கின்றன. குற்றம் நடந்த வீட்டின் மீது புள்ளி வைக்கப்படுவதில்லை. நாடு முழுவதும் 7.5 இலட்சத்துக்கும் மேற்பட்ட பொது இடப்புள்ளிகள் முன்கூட்டியே குறிக்கப்பட்டுள்ளன. ஒவ்வொரு குற்றமும் அதற்கு மிக அருகில் உள்ள புள்ளிக்கு நகர்த்திக் காட்டப்படுகிறது. ஒவ்வொரு புள்ளியின் வளையத்துக்குள்ளும் குறைந்தது 8 அஞ்சல் முகவரிகள் இருக்க வேண்டும், அல்லது ஒரு முகவரியும் இருக்கக் கூடாது என்பது விதி. இன்ன வீட்டில் இன்னது நடந்தது என்று எவரும் கண்டுபிடித்துவிடக் கூடாது என்பதே இதன் நோக்கம். பாதிக்கப்பட்டவர் மீதுள்ள அக்கறையால் எழுந்த இந்த விதியை நான் முழுமனத்துடன் ஏற்கிறேன். நாள் கூடத் தரப்படுவதில்லை, மாதம் மட்டுமே தரப்படுகிறது.

ஆனால் இந்த விதி நகரத்தில் ஒருவிதமாகவும் சிற்றூரில் வேறுவிதமாகவும் வேலை செய்கிறது. அடுக்குமாடிகள் நிறைந்த தெருவில் 8 முகவரிகள் என்பது சில அடி தூரம். பண்ணை வீடுகள் ஒன்றுக்கொன்று அரை மைல் தள்ளி நிற்கும் இடத்தில் 8 முகவரிகளைச் சேர்க்கப் பெரியதொரு நிலப்பரப்பு வேண்டும். ஆகவே வயல் நடுவே ஒரு பண்ணைக் கொட்டகையில் நடந்த திருட்டு, ஊருக்குள் இருக்கும் சாலையில் நடந்ததைப் போல வரைபடத்தில் தோன்றும். எங்கள் ஊரில் தேவாலயத்துக்குப் பக்கத்துச் சாலையில் இருக்கும் ஒரு புள்ளி, சுற்றியுள்ள தனிவீடுகள் பலவற்றின் துன்பங்களையும் தன்மேல் ஏற்றிக்கொள்கிறது. அந்தச் சாலையில் 40 ஆண்டுகளாகக் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர், தம் வாசலில் யாருக்கும் எதுவும் நேர்ந்ததில்லை என்று என்னிடம் உறுதியாகச் சொன்னார். வீடு பார்க்க வருகிறவர்களோ வரைபடத்தைப் பார்த்துவிட்டு அந்தச் சாலையைத் தவிர்க்கிறார்கள். புள்ளி காட்டும் இடம் 'இதன் அருகில்' என்ற பொருளுடையது மட்டுமே என்பதைத் தளம் சொல்லத்தான் செய்கிறது. ஆனால் 'அருகில்' என்ற சொல் நாட்டுப்புறத்தில் எவ்வளவு தூரத்தைத் தழுவும் என்பதை அங்கே எவரும் விளக்குவதில்லை.

அடுத்து வகைப்பாடு. இப்போது 14 வகைகளாகப் பிரித்துக் காட்டுகிறார்கள். அவற்றுள் இரண்டைப் பற்றியாவது வாசகர் தெரிந்துகொள்ள வேண்டும். முதலாவது, வீடு அல்லது கட்டடம் புகுந்து திருடுதல். இந்தத் தலைப்பில் ஒரு புள்ளியைக் கண்டால் இரவில் கதவை உடைத்து உறங்குகிறவர்களின் அறைக்குள் யாரோ நுழைந்துவிட்டார்கள் என்றுதான் நமக்குத் தோன்றும். ஆனால் 2017 ஏப்ரலில் பதிவு விதிகள் மாற்றப்பட்டபோது, வீட்டு எல்லைக்குள் இருக்கும் தோட்டக் கொட்டகையையும் கார் நிறுத்தும் கொட்டகையையும் உடைப்பது வீட்டுத் திருட்டின் கீழ்க் கொண்டுவரப்பட்டது. கடையோ பள்ளியோ உடைக்கப்பட்டாலும் வரைபடத்தில் அதே தலைப்புதான். சிற்றூர்களில் கொட்டகையில் இருக்கும் புல்வெட்டும் இயந்திரமும் மிதிவண்டியும் மர அறுவைக் கருவிகளும் கள்வர்களுக்கு எளிய இலக்கு. ஆகவே நாட்டுப்புறத்தில் இந்தத் தலைப்பின் கீழ் வரும் ஒரு புள்ளி கொட்டகையாக இருக்க நல்ல வாய்ப்பு உண்டு. கொட்டகை உடைபடுவதும் துன்பம்தான், நான் அதைச் சிறிதாக்கவில்லை. ஆனால் குழந்தைகளோடு வாழும் குடும்பம் ஒன்று வீடு வாங்குவதா வேண்டாமா என்று முடிவெடுக்கையில் இவ்விரண்டையும் பிரித்துப் பார்க்க முடிய வேண்டும். வரைபடம் அதற்கு இடம் தருவதில்லை.

இரண்டாவது, வன்முறையும் பாலியல் குற்றங்களும் என்று ஒன்றாகக் கட்டப்பட்ட தலைப்பு. பெரும்பாலான பகுதிகளில் இதுவே மிகப் பெரிய எண்ணிக்கையாக நிற்கிறது. என் தங்கை இதைப் பார்த்துவிட்டு, "அக்கா, அந்த ஊரில் நீ தனியாக நடக்கப் போகாதே" என்றாள். இந்த ஒரே தலைப்பின் கீழ்க் கொலையும் இருக்கிறது, காயம் ஏதும் ஏற்படாத கைகலப்பும் இருக்கிறது, பின்தொடர்ந்து தொல்லை தருவதும், மிரட்டும் குறுஞ்செய்தி அனுப்புவதும் இருக்கின்றன. வீட்டுச் சுவர்களுக்குள் ஒரு பெண் தன் துணைவனிடம் படும் அடியும் இருக்கிறது. தெருவில் முன்பின் தெரியாதவர் தாக்குவதும், மூடிய கதவுக்குப் பின்னால் நடக்கும் குடும்ப வன்முறையும் ஒரே நிறப் புள்ளியாக வரும்போது, வெளியிலிருந்து பார்ப்பவருக்கு ஊரின் தெருக்கள் அச்சமூட்டுகின்றன. உள்ளே துன்பப்படுகிற பெண்ணோ எவர் கண்ணுக்கும் தெரிவதில்லை. இந்தச் சேவையில் எனக்கு மிகவும் வருத்தம் தரும் குறை இதுதான். சமூக ஒழுங்கைக் குலைக்கும் நடத்தை என்ற இன்னொரு தலைப்பும் அதே வரைபடத்தில் வருகிறது. அதில் உள்ளவற்றுள் பெரும்பாலானவை சட்டப்படி குற்றங்களாகவே எண்ணப்படுவதில்லை, மக்கள் தெரிவித்த புகார்கள் மட்டுமே.

இந்தத் திறந்த தரவை எடுத்து, 'இந்த ஊரின் குற்ற விகிதம் ஆயிரம் பேருக்கு இவ்வளவு' என்று எழுதி வைக்கும் தனியார் தளங்கள் பல உண்டு. வீட்டுத் தரகர்களும் வாங்குவோரும் அவற்றைத்தான் மேற்கோள் காட்டுகிறார்கள். சிறிய ஊர்களைப் பொறுத்தவரை அந்த எண்ணை நம்பாதீர்கள் என்று அழுத்தமாகவே சொல்வேன். ஒரு கணக்கைப் பாருங்கள். 600 பேர் உள்ள ஊரில் ஓராண்டில் 9 குற்றங்கள் பதிவானால் ஆயிரத்துக்கு 15. மறு ஆண்டு ஒரே இரவில் ஒரு கும்பல் வந்து ஆறு வீடுகளின் கொட்டகைகளை உடைத்துச் சென்றால், மற்றவை மாறாமலே இருந்தும் எண்ணிக்கை 15 ஆகும். விகிதம் ஆயிரத்துக்கு 25. 'ஓராண்டில் 67 சதவீத உயர்வு' என்று தலைப்பு எழுதலாம். அதில் பொய் இல்லை. ஆனால் அந்த ஊரில் மாறியது ஓர் இரவு மட்டுமே. குறைந்தது மூன்றாண்டுகளின் பதிவை ஒன்றாகச் சேர்த்து ஆண்டுச் சராசரி பார்த்தால்தான் சிற்றூரின் எண்ணுக்குச் சிறிதளவாவது பொருள் கிடைக்கும்.

வகுக்கும் எண்ணிலும் சிக்கல் இருக்கிறது. தரவில் ஒவ்வொரு குற்றத்துக்கும் எதிரே ஒரு சிறு புள்ளிவிவரப் பகுதியின் குறியீடு தரப்படுகிறது. அந்தப் பகுதிகள் பொதுவாக 1,000 முதல் 3,000 பேர் வரை கொண்டவையாக வகுக்கப்பட்டவை. 600 பேர் உள்ள ஊர் தனியொரு பகுதியாக அமையாமல் அண்டை ஊர்களோடு சேர்ந்துதான் எண்ணப்படும். பகுதியின் ஓரத்தில் நெடுஞ்சாலைப் பெட்ரோல் நிலையம் ஒன்று இருந்தால், பணம் கொடுக்காமல் வண்டியை ஓட்டிச் செல்கிறவர்களின் கணக்கும் ஊரார் தலையில் விழும். சுற்றுலா ஊர்களில் இது இன்னும் கூடுதல். காட்ஸ்வோல்ட்ஸ் பகுதியில் இருக்கும் போர்ட்டன்-ஆன்-த-வாட்டர் போன்ற ஊரில் நிலையாக வாழ்கிறவர்கள் சில ஆயிரம் பேர்தான். அங்குள்ள ஆற்றோரத்தையும் சிறு பாலங்களையும் பார்க்க ஆண்டுதோறும் வருகிறவர்கள் பல இலட்சம் பேர். வாகன நிறுத்துமிடத்தில் பயணியின் காரிலிருந்து பை களவு போனால், அதையும் அங்கு வாழ்கிறவர்களின் எண்ணிக்கையாலேயே வகுக்கிறார்கள்.

வரைபடத்தில் இல்லாதவற்றுக்கு வருகிறேன். இணையத்திலும் தொலைபேசியிலும் நடக்கும் பணமோசடி இன்று முதியவர்கள் நிறைந்த சிற்றூர்களில் மிகப் பெரிய கவலை. அது இந்த வரைபடத்தில் வருவதே இல்லை. எங்கள் ஊருக்கான மிகச் சிறிய உள்ளாட்சி மன்றமாகிய பாரிஷ் கவுன்சிலின் கூட்டத்தில் ஒவ்வொரு முறையும் முதலில் எழும் புகார், 30 மைல் வரம்புள்ள சாலையில் கார்கள் பறப்பதைப் பற்றியது. வேகமீறல் இதில் பதியப்படும் குற்றங்களின் பட்டியலில் இல்லை. வயல் வரப்புகளில் லாரியைக் கவிழ்த்துக் குப்பை கொட்டிவிட்டுப் போவது உள்ளாட்சி மன்றங்களின் பொறுப்பு என்பதால் அதுவும் இல்லை. டிராக்டரின் ஜிபிஎஸ் கருவியையோ நான்கு சக்கர பைக்கையோ களவு கொடுப்பது ஒரு விவசாயியின் ஒரு பருவத்தையே முடக்கிவிடும். வரைபடத்தில் அது மற்றத் திருட்டுகளோடு கலந்து ஒரு சாதாரணப் புள்ளியாகிறது. நாட்டுப்புறக் காப்பீட்டில் முதன்மையான என்எஃப்யு மியூச்சுவல் நிறுவனம் 2023ஆம் ஆண்டில் பிரிட்டனின் நாட்டுப்புறக் குற்றங்களால் ஏற்பட்ட இழப்பை 5.28 கோடி பவுண்டு என்று மதிப்பிட்டது. அதே ஆண்டில்தான் இத்தகைய கருவிகளின் திருட்டைத் தடுப்பதற்கென்றே நாடாளுமன்றம் தனிச்சட்டம் இயற்றியது. அந்த அளவுக்குப் பெரிதாகிவிட்ட ஒன்றுக்கு 14 வகைகளில் ஓர் இடம் ஒதுக்கப்படவில்லை.

சொல்லப்படாத குற்றங்களும் உண்டு. எரிவாயுக் குழாய் வராத எங்கள் ஊரில் வீடுகளைச் சூடாக்க எண்ணெய்தான். வீட்டுக்குப் பின்னால் பெரிய தொட்டியில் நிரப்பி வைக்கிறோம். குடியேறிய முதல் குளிர்காலத்தில் ஒரு காலை வீடு சில்லிட்டிருந்தது. போய்ப் பார்த்தால் தொட்டி காலி. பூட்டை அறுத்து எண்ணெயை உறிஞ்சிக் கொண்டு போயிருந்தார்கள். பக்கத்து வீட்டுப் பெரியவர் வந்து பார்த்துவிட்டு, தமக்கும் முந்தைய ஆண்டு இப்படி ஆனது என்றும், சொல்லி என்ன பயன் என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். அவருடைய இழப்பு எந்த வரைபடத்திலும் இல்லை. நாங்கள் பதிவு செய்தோம். இரண்டு மாதங்களுக்குப் பிறகு எங்கள் திருட்டும் ஒரு புள்ளியாகத் தோன்றியது. எவரும் சொல்லாத ஊர் பாதுகாப்பான ஊராகத் தெரியும். எல்லோரும் சொல்கிற ஊர் ஆபத்தான ஊராகத் தெரியும். சொன்ன பிறகும் பதியப்படாமல் போவதுண்டு: காவல்துறைகளை ஆய்வு செய்யும் அமைப்பு 2014இல் வெளியிட்ட அறிக்கையில், மக்கள் தெரிவித்த குற்றங்களில் 19 சதவீதம் பதிவேட்டில் ஏறவில்லை என்று கணக்கிட்டது. அதன்பின் பதிவு முறை திருந்தியிருக்கிறது. அதனால் பழைய ஆண்டுகளையும் புதிய ஆண்டுகளையும் ஒப்பிட்டுக் குற்றம் பெருகிவிட்டது என்று சொல்வதற்கும் தயங்க வேண்டியிருக்கிறது. கிரேட்டர் மான்செஸ்டர் காவல்துறை 2019இல் கணினி அமைப்பை மாற்றிய பிறகு நெடுங்காலம் தரவு தரவே இல்லை. அந்த வெற்றிடத்தைப் பார்த்து அங்கே அமைதி நிலவியது என்று யாரும் கொள்ள மாட்டோம். நம் சிற்றூரின் வெற்றிடத்தையும் அதே எச்சரிக்கையுடன் பார்க்க வேண்டும்.

இவ்வளவு குறை சொன்ன பிறகும் இந்தச் சேவையை நான் மதிக்கிறேன். அதற்கு முதற்காரணம், ஒவ்வொரு புள்ளிக்குப் பின்னாலும் அந்த வழக்கு என்ன ஆயிற்று என்பதையும் சொல்கிறார்கள். எங்கள் எண்ணெய்த் திருட்டுக்கு எதிரே 'விசாரணை முடிந்தது. சந்தேக நபர் எவரும் அடையாளம் காணப்படவில்லை' என்று எழுதியிருந்தது. படிக்க வருத்தமாக இருந்தாலும் அது உண்மை. பொதுவில் வைக்கப்பட்ட உண்மை. ஊரின் மூன்றாண்டுப் பதிவுகளை விரித்தாள் கோப்பாக இறக்கி அந்த ஒரு வாக்கியம் எத்தனை முறை வருகிறது என்று எண்ணிப் பார்த்த பிறகுதான், பாரிஷ் கூட்டத்தில் எழுந்து கேள்வி கேட்க எனக்குத் துணிவு வந்தது. தரவை யார் வேண்டுமானாலும் எடுத்துப் பயன்படுத்தலாம் என்று உரிமம் இருக்கிறது. ஓர் அரசு தன் காவல்துறையின் தோல்விகளையும் தெருவாரியாக அடுக்கி வைப்பது சாதாரணச் செயல் அன்று.

இரண்டாவது காரணம், பலரும் வரைபடத்தோடு நின்றுவிடுவதால் கவனிக்காமல் விடும் பகுதி: காவல் அணியின் பக்கம். அப்பகுதிக்குப் பொறுப்பான அதிகாரிகள், இப்போது அவர்கள் முன்னுரிமை தரும் பிரச்சினைகள், மக்களைச் சந்திக்கும் கூட்டங்கள் ஆகியவை அங்கே வருகின்றன. 2002ஆம் ஆண்டின் காவல் சீர்திருத்தச் சட்டத்தால் உருவான சமூக ஆதரவு அதிகாரிகளைத்தான் சிற்றூர்க்காரர்கள் பெரும்பாலும் நேரில் பார்க்கிறார்கள். சீருடை உண்டு, முழுக் காவலரின் அதிகாரம் இல்லை. அந்தப் பக்கத்தில் பார்த்த தேதியில் தேவாலயக் கூடத்துக்குப் போய்த் தேநீரோடு நின்ற ஒரு சமூக ஆதரவு அதிகாரியிடம் 20 நிமிடம் பேசினேன். எந்தச் சந்து வழியாக வண்டிகள் வந்து போகின்றன, எண்ணெய்த் தொட்டிக்கு எந்த வகைப் பூட்டும் எச்சரிக்கைக் கருவியும் பயன்படும் என்பதையெல்லாம் அவர்தான் சொன்னார். வரைபடத்தில் ஓராண்டு தேடினாலும் அது கிடைத்திருக்காது.

தங்கத்தைப் பற்றி அவரிடம் நானாகக் கேட்டேன். தெற்காசியக் குடும்பங்களின் வீடுகளில் நகை இருக்கும் என்று குறிவைத்து வருகிற கும்பல்கள் பிரிட்டனில் நெடுநாளாக உண்டு. 2013 முதலான சில ஆண்டுகளில் மட்டும் இப்படிக் களவுபோன தங்கத்தின் மதிப்பு 14 கோடி பவுண்டுக்கும் மேல் என்று 2019இல் பிபிசி கணக்குத் தந்தது. ஊருக்கு நாம் ஒரே தமிழ்க் குடும்பம் என்றால், ஊரின் சராசரி விகிதம் நமக்குப் பொருந்துமா என்று யோசிக்க வேண்டும். அம்மா தந்த நகைகளை அந்த வாரமே வங்கிப் பெட்டகத்துக்கு மாற்றினோம். திருமண வீட்டுப் படங்களை உடனுக்குடன் இணையத்தில் இடுவதையும் நிறுத்திவிட்டேன்.

அண்டை வீட்டார் ஒருவரையொருவர் கவனித்துக்கொள்ளும் நெய்பர்ஹுட் வாட்ச் இயக்கம் பிரிட்டனில் முதன்முதலாக 1982இல் தொடங்கியதே செஷயரில் உள்ள மொலிங்டன் என்ற சிற்றூரில்தான். எங்கள் ஊரில் அது ஒரு வாட்ஸ்அப் குழுவாக இருக்கிறது. தெரியாத வேன் ஒன்று பண்ணைச் சாலையில் நின்றால் ஐந்து நிமிடத்தில் எல்லோருக்கும் தெரிந்துவிடுகிறது. அதில் ஓர் ஆபத்தும் உண்டு: தோல்நிறத்தைப் பார்த்து ஐயப்படுவது. முதல் மாதத்தில், என் மைத்துனர் ஊரைச் சுற்றி நடந்தபோது 'அறிமுகமில்லாத ஆள்' என்று ஒருவர் குழுவில் எழுதினார். நான் பதில் எழுதினேன். அவர் மறுநாள் வீட்டுக்கு வந்து மன்னிப்புக் கேட்டார். அதன்பின் ஆளைப் பற்றி எழுதக் கூடாது, நடக்கும் செயலைப் பற்றித்தான் எழுத வேண்டும் என்று குழுவில் விதி வைத்தோம்.

ஆக, இச்சேவைக்கு ஐந்தில் மூன்றரை மதிப்பெண் தருவேன். நகரத்தில் வீடு தேடுகிறவராக இருந்திருந்தால் நாலரை தந்திருப்பேன். பாரிஷ் எல்லையை வைத்துத் தேடும் வசதியும், மூன்றாண்டுச் சராசரியை ஒரே திரையில் காட்டும் வசதியும், கொட்டகைத் திருட்டையும் குடும்ப வன்முறையையும் பிரித்துக் காட்டும் ஏற்பாடும் வந்தால் மீதியையும் தருவேன். வாங்க நினைக்கிற ஊருக்கு ஒரு குளிர்கால மாலையில் இருட்டிய பின் போய், மதுக்கூடத்தில் அமர்ந்து, வரைபடத்தில் பார்த்த புள்ளிகளைப் பற்றி அங்கிருப்பவர்களிடம் கேளுங்கள். யாரும் தவறாக எடுத்துக்கொள்வதில்லை. எங்கள் எண்ணெய்த் தொட்டியில் இப்போது அளவு திடீரென இறங்கினால் ஒலிக்கும் கருவி பொருத்தியிருக்கிறோம். அம்மாவின் கேள்விக்கும் பதில் இருக்கிறது: முதலில் அவசர உதவி எண்ணான 999, அடுத்து பக்கத்து வீட்டுப் பெரியவர்.